இதய அறுவைக்குப் பின் இரத்த அழுத்தத் தாழ்வு: இரத்தநாளச் சுருக்கி மருந்துகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

இதய அறுவைக்குப் பின் தாழும் இரத்த அழுத்தத்தை மருந்தால் உயர்த்தும் முறை எவ்வாறு மாறி வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வலிமை மிக்க மருந்துகளைத் தேடியதைவிட, ‘அழுத்தம் எவ்வளவு?’ என்னும் வினாவோடு ‘ஏன் தாழ்ந்தது?’ என்னும் வினாவும் சேர்ந்ததே அம்மாற்றத்தின் அடிப்படை என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: இதய அறுவை, இரத்த அழுத்தம், நார் அட்ரினலின், வாஸோபிரஸ்ஸின், மருத்துவ வரலாறு

முன்னுரை

இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு, இரத்தநாளங்கள் காட்டும் தடை ஆகிய இரண்டாலும் இரத்த அழுத்தம் அமைகிறது. நாளங்களைச் சுருக்கினால் அழுத்தம் உயரும். ஆனால் உறுப்புகளைச் சென்றடையும் இரத்தமும் கூடிவிடும் என்பதில்லை. சில வேளைகளில் குறையவும் செய்யும். இம்முரணை மருத்துவ உலகம் உணர்ந்துகொண்ட வரலாறே இங்குப் பேசப்படுகிறது.

சுரப்பிச் சாறுகள்

அட்ரினல் சுரப்பியின் சாறு விலங்குகளின் இரத்த அழுத்தத்தைப் பெரிதும் உயர்த்துவதை ஜார்ஜ் ஆலிவர், எட்வர்ட் ஷேஃபர் ஆகியோர் 1894இல் இலண்டனில் அறிவித்தனர். பிட்யூட்டரிச் சாற்றுக்கும் அவ்வியல்பு உண்டென 1895இல் காட்டினர். பிட்யூட்டரிச் சாற்றின் செயற்பொருளே பின்னர் வாஸோபிரஸ்ஸின் எனப்பட்டது. சிறுநீர்ப் போக்கைக் குறைக்கும் அதன் இயல்பு 1913இல்தான் தெரியவந்தது. உடலில் அதன் அன்றாடப் பணி இதுவே. எனினும் அழுத்தத்தைச் சுட்டும் பெயரே நிலைத்தது.

அறுவைக்கூடத்தில்

1953 மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் இதய–நுரையீரல் இயந்திரத்தின் துணையால் 18 வயதுப் பெண்ணின் இதயத் துளையை அடைத்தார். திறந்த இதய அறுவைக்கு வழி பிறந்தது. அறுவைக்குப் பின் அழுத்தம் தாழும் சிக்கலும் உடன் வந்தது. இரத்தம் குறைதல், இதயத் தசை சோர்தல், இதயத்தைச் சூழ்ந்து இரத்தம் தேங்கி அழுத்துதல், நாளங்கள் தளர்தல் என அதற்குக் காரணங்கள் பல. இவற்றுள் நாளச் சுருக்கி நேரடியாகச் சரிசெய்வது இறுதியானதை மட்டுமே.

நரம்பிலிருந்து வெளிப்படும் வேதிப்பொருள் நார் அட்ரினலின் என்பதை உல்ஃப் ஃபான் ஆய்லர் 1946இல் கண்டறிந்தார். 1950களில் அது மருந்தாகப் பரவியது. இழந்த இரத்தத்தை ஈடுசெய்யாமலே பலருக்கு அது செலுத்தப்பட்டது. சிறுநீரகமும் விரல்களும் பாதிக்கப்பட்டன. குற்றம் பயன்படுத்திய முறையில் இருந்தும் பழி மருந்தின்மேல் விழுந்தது. 1970களிலிருந்து டோபமைன் அவ்விடத்தைப் பிடித்தது. சிறிய அளவு டோபமைன் சிறுநீரகத்தைக் காக்கும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. தீவிர சிகிச்சை பெற்ற 328 பேரிடம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மருத்துவர்கள் நடத்திய ஆய்வு 2000இல் அதனை மறுத்தது.

காரணத்தை நோக்கி

இதயம் நன்கு இயங்கியும் நாளங்கள் தளர்ந்து அழுத்தம் தாழும் நிலை 1990களில் தனிக் கவனம் பெற்றது. இயந்திரத்தின் செயற்கைப் பரப்புகளில் இரத்தம் படும்போது உடலில் அழற்சி எழுகிறது. மிகுதியாகும் நைட்ரிக் ஆக்சைடு நாளங்களைத் தளர்த்துகிறது. அந்நிலையில் நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் வாஸோபிரஸ்ஸின் எதிர்பார்த்ததினும் குறைந்திருப்பதை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர்கள் கண்டனர். அதனைச் சிறிய அளவில் செலுத்துவது குறைந்ததை நிரப்புவதாகப் பொருள் கொண்டது. 1876இல் சாயமாகத் தோன்றிய மெத்திலீன் நீலமும் நைட்ரிக் ஆக்சைடின் வழியைத் தடுப்பதால் இச்சிகிச்சையில் இடம்பெற்றது.

சாவோ பாவ்லோவில் 330 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. இறப்போ கடுமையான சிக்கலோ நேர்ந்தோர் வாஸோபிரஸ்ஸின் பிரிவில் 32 விழுக்காடு. நார் அட்ரினலின் பிரிவில் 49 விழுக்காடு. வேறுபாடு பெரும்பாலும் சிறுநீரகப் பாதிப்பில் இருந்தது. இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரே மருத்துவமனையின் ஆய்வு என்பதால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளவியலாது.

முடிவுரை

இவ்வரலாற்றில் நார் அட்ரினலின் ஒதுக்கப்பட்டு மீண்டும் முதன்மை பெற்றது. வாஸோபிரஸ்ஸின் ஒரு நூற்றாண்டுக்குப் பின் புதுப்பொருள் பெற்றது. மருந்துகள் மாறவில்லை, அவற்றைத் தேர்வதற்கான காரணம் மாறியது. இன்றும் சராசரித் தமனி அழுத்தம் 65 மில்லிமீட்டர் பாதரசத்திற்குக் குறையாதிருக்க வேண்டும் என்பது பரவலான இலக்கு. ஆயினும் இதயத்தைச் சூழ்ந்து இரத்தம் தேங்கிய நோயாளியிடமும் மருந்தால் அந்த எண்ணைச் சிறிது நேரம் எட்டிவிட முடியும். அவருக்குத் தேவைப்படுவதோ உடனடி மறு அறுவை. எண்ணை எட்டியதும் காரணத் தேடலை நிறுத்தலாகாது என்பதே இவ்வரலாறு தரும் பாடமாகும்.