கந்தலும் கரடிப்பொம்மையும்

நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளியில் முதல் வகுப்பிற்கு ஒரு சிறுவன் வந்து சேர்ந்தான். தாயின் பழைய சேலையிற் கிழித்த துண்டு ஒன்றை எந்நேரமும் கையிற் சுருட்டி வைத்திருப்பான். அதன் ஓரத்தை விரல்களால் நெருடியபடியே பாடம் கேட்பான். பள்ளிப் பிள்ளைக்கு இது அழகன்று எனக் கருதி, அதனை வாங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவன் அழவில்லை. ஆனால் மாலை வரை அவன் விரல்கள் வெறுங்காற்றை நெருடிக்கொண்டிருந்தன. அழைத்துச் செல்ல வந்த தாய், “ஐயா, அதைத் துவைக்கவே எனக்குப் பயம், வாசனை போய்விட்டால் பிள்ளை தூங்கமாட்டான்” என்றார். பயிற்சிக் கல்லூரியிற் பயின்ற என்னினும் அவ்வம்மையார் அறிந்தது மிகுதி. அதனை நான் உணர்வதற்குச் சில நூல்கள் தேவைப்பட்டன. மாணவ நண்பர்களே, அந்நூல்களிற் கண்ட வரலாற்றையே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மேலைநாட்டுக் குழந்தைகள் அணைத்துறங்கும் கரடிப்பொம்மை அத்துணைப் பழமையானதன்று. 1902 நவம்பரில் மிசிசிப்பி மாநிலத்திற்கு வேட்டைக்குச் சென்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், பிடித்துக் கட்டிவைத்திருந்த கரடியைச் சுட மறுத்தார். அதனைக் கிளிஃபோர்டு பெரிமன் என்பவர் கேலிச்சித்திரமாக வரைந்தார். புருக்ளின் நகரில் மிட்டாய்க்கடை நடத்திய மோரிஸ் மிக்டம் அதுகண்டு ஒரு பொம்மை செய்து, ரூஸ்வெல்ட்டின் செல்லப் பெயரான ‘டெடி’ என்பதையே அதற்கும் சூட்டினார். ஜெர்மனியில் மார்கரெட் ஸ்டைஃப் நிறுவிய பட்டறையிலும் ஏறக்குறைய அதே வேளையில் துணிக்கரடி பிறந்தது. பொம்மை செய்தவர் கதை இவ்வளவே. அதைப் பற்றிக்கொண்ட குழந்தையின் கதைதான் பெரிது.

அறிஞர் சிலர் அன்று அக்குழந்தையைக் கனிவுடன் நோக்கவில்லை. ஜான் வாட்சன் என்னும் அமெரிக்க உளநூலார், 1928இல் வெளியிட்ட நூலில், பிள்ளைகளைக் கட்டியணைத்து முத்தமிடலாகாது, காலையில் கைகுலுக்கினால் போதும் என்று பெற்றோருக்கு அறிவுரை கூறினார்! என் அலமாரிப் பூட்டும் அந்த மரபைச் சேர்ந்ததுதான் போலும்.

லண்டனில் குழந்தை மருத்துவராக இருந்த டொனால்டு வின்னிகாட் 1951இல் படித்த கட்டுரை இதனை மாற்றியது. குழந்தை தானும் தாயும் வேறு என்று உணரத் தொடங்கும் காலத்தில், போர்வை நுனியோ பொம்மையோ ஒன்றைத் தனக்கென்று தேர்ந்துகொள்கிறது. அது நோயன்று, வளர்ச்சியின் ஒரு படி என்றார். அப்பொருள் அழுக்கேறி நாறினாலும் தாய் பொறுத்துக்கொள்கிறாள். துவைத்தால் குழந்தையின் அனுபவத்தில் ஓர் இழை அறுந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும் என்றும் எழுதினார். இவ்வரிகளைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மற்றொன்றும் சொன்னார்: தாய் நெடுங்காலம் பிரிந்திருந்தால் அந்தத் துணியும் தன் பொருளை இழந்துவிடும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்பவர் குரங்குக்குட்டிகளைத் தாயினின்று பிரித்து வளர்த்தார். கூண்டில் விரித்த துணியைத் தூய்மைக்காக எடுத்தபோதெல்லாம் அவை வெறிகொண்டு கதறின. அதுகண்டு அவர் இரண்டு செயற்கைத் தாய்களை அமைத்தார்: பால் தரும் கம்பித்தாய் ஒன்று, பாலில்லாத துணித்தாய் ஒன்று. குட்டிகள் பசிக்குக் கம்பித்தாயிடம் சென்றன. நாளின் பெரும்பகுதியைத் துணித்தாயைத் தழுவியே கழித்தன. 1958இல் இம்முடிவு வெளியாயிற்று. சோதனை கொடியது என்பதே என் கருத்து. எனினும் பால்தான் பாசம் என்ற கொள்கை அதனால் வீழ்ந்தது.

அக்காலத்து லண்டன் மருத்துவமனைகள் சிலவற்றில், பெற்றோர் வாரத்திற்கு ஒருமுறையே தம் குழந்தையைப் பார்க்கலாம். வேறு சிலவற்றிலோ, அது உறங்கும்போது எட்டிப் பார்த்தலோடு சரி. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பார் சிறிய அறுவை மருத்துவத்திற்காக எட்டு நாள் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்து 1952இல் காட்டினார். அவள் தன் கரடியையும் போர்வையையும் விடாமற் பற்றியிருந்தாள். ஆயினும் நாள் செல்லச் செல்ல, பார்க்க வந்த தாயிடமே அவளுடைய ஒட்டுதல் குறைந்தது. கரடி தாயாகிவிட முடியவில்லை. மருத்துவர் பலர் படத்தைக் கண்டு சினந்தனர். 1959இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு, பெற்றோர் எந்நேரமும் குழந்தையைக் காண வழி செய்யவேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டளவில் நின்ற இடங்கள் பல. 1961இல் லண்டன் பாட்டர்சீ பகுதியைச் சேர்ந்த இளந்தாய்மார் சிலர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, மருத்துவமனைக் கதவுகளைத் திறக்கச் சொல்லிக் கேட்கத் தொடங்கினர்.