வாங்கியவர் சொல்

1970களின் இந்தியாவில், சில வருடம் ஓடிய ஸ்கூட்டர் புதிய வண்டியின் விலையைவிட அதிகத்துக்குக் கைமாறுவது வழக்கமாக இருந்தது. எத்தனை வண்டி செய்யலாம் என்பதை அரசு உரிமம் முடிவு செய்தது. செய்த வண்டியை யாருக்கு எந்த வரிசையில் கொடுப்பது என்பதற்கு 1960லேயே கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. 1972இல் அறிமுகமான பஜாஜ் சேட்டக்குக்குப் பதிவு செய்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருக்க முடியாதவர்கள் பழைய வண்டிக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்துத் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதியது 1970இல்தான். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அந்தச் சந்தேகமே பழைய வண்டியின் விலையைக் கீழே இழுக்கும் என்பது அவர் வாதம். இங்கே சந்தேகம் அப்படியே இருந்தது, விலை மட்டும் மேலே போனது. தரத்தைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டிய விலை, தட்டுப்பாட்டைப் பற்றி மட்டுமே பேசியது. தானாக விற்றுப்போகும் பொருளுக்கு விளம்பரமும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. ஆகவே ஒரு வண்டி உண்மையில் எப்படிப்பட்டது என்று அறிய, ஏற்கெனவே வைத்திருப்பவரைக் கேட்பதைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை. அன்று கிடைத்த அந்த ஒளிவுமறைவற்ற பதிலை அந்தக் காலத்து மனிதர்களின் நேர்மை என்று மெச்சிக்கொள்வது எளிது. ஆனால் வாங்கியவரை உண்மை பேச வைத்தது அவருடைய குணத்தைவிட, அப்படிப் பேசுவதால் அவருக்கு எதுவும் கூடவோ குறையவோ செய்யாத சந்தை நிலைமைதான் என்று சொல்வதே பொருத்தம்.

அவர்கள் என்ன பேசினார்கள் என்பதைப் பார்த்தாலே இது விளங்கும். கார் வாங்க நினைத்தவருக்குக் கிட்டத்தட்ட மூன்றே பெயர்கள்: மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து வந்துகொண்டிருந்த அம்பாசடர், பம்பாயில் செய்யப்பட்டுப் பின்னாளில் பிரிமியர் பத்மினி என்று பெயர் மாறிய ஃபியட், 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அம்பாசடரில் ஹாரனைத் தவிர மற்ற எல்லாமே சத்தம் போடும் என்பது, அதை வைத்திருந்தவர்களே சொல்லிச் சிரித்த பேச்சு. அதே மூச்சில், பின் இருக்கையில் ஒரு குடும்பமே உட்காரலாம், மேடு பள்ளத்தை அது சட்டை செய்யாது, எந்தச் சிற்றூரில் நின்றாலும் பார்க்க ஆள் கிடைக்கும் என்றும் சொன்னார்கள். சேட்டக் கிளம்ப மறுத்தால் ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்துவிட்டு மறுபடி உதைக்க வேண்டும். திருவொற்றியூரில் 1950களில் தொடங்கிய என்ஃபீல்டு தொழிற்சாலையின் புல்லட்டுக்குப் பாடம் இன்னும் நீளம்: ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெதுவாக அழுத்தி, டீகம்ப்ரஸரைப் பிடித்து பிஸ்டனைச் சற்றுத் தாண்டவிட்டு, பிறகு உடம்பின் எடை முழுவதையும் போட்டு உதைக்க வேண்டும். தவறினால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். நிறுத்திய இடத்தில் ஆயில் சொட்டுவதையும் யாரும் மறைக்கவில்லை. இவற்றைப் பாராட்டு என்றும் சொல்ல முடியாது, புகார் என்றும் சொல்ல முடியாது. குறையையும் அதோடு காலம் தள்ளும் வழியையும் ஒன்றாகவே எடுத்துச் சொன்னார்கள். வேறு வண்டிக்கு மாறும் வாய்ப்பு அரிதாக இருந்ததால் ‘வாங்கலாமா வேண்டாமா’ என்ற தீர்ப்பைவிட ‘வாங்கியபின் எப்படி ஓட்டுவது’ என்ற அறிவே தேவைப்பட்டது.

இந்தச் சொல் எந்தத் திசையில் பயணம் செய்தது என்பதும் முக்கியம். செய்தவரின் காதுக்கு அது போய்ச் சேர்ந்தாலும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. கார்களின் தரம் கெட்டுவருவதாக எழுந்த புகார்களை ஆராய மத்திய அரசு 1967இல் ஒரு குழுவையே அமைத்தது. ஆனால் வாசலில் வரிசை நிற்கும்வரை எந்தத் தொழிற்சாலைக்கும் அவசரம் இல்லை. சொல் பக்கவாட்டில்தான் பரவியது: ஓர் உரிமையாளரிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து மெக்கானிக்குக்கு, மெக்கானிக்கிடமிருந்து உதிரி பாகக் கடைக்கு. சென்னையின் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் எந்த வண்டியின் எந்தப் பாகத்தைத் தேடி ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்த கடைக்காரர், அந்த வண்டியின் பலவீனத்தைத் தெரிந்தவர். பெரும்பாலும் காகிதத்தில் ஏறாத இந்த அறிவு, வைத்திருப்பவர்கள் பேச்சாகவும் விற்றுத் தீர்ந்த பாகங்களாகவும் சேர்ந்துகொண்டே போனது. அதற்கு அதிகாரம் கிடையாது. அதனாலேயே அதை விலை கொடுத்து வளைக்க வேண்டிய அவசியமும் யாருக்கும் வரவில்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் நிலைமை புரண்டது. ஒப்பிட்டுப் பேச இன்னொரு வண்டி கிடைத்ததும் வாங்கியவர் சொல்லுக்குத் திடீரென்று பலம் வந்தது. அதன் வீச்சுக்குச் சென்னையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரை வெளியிட்டது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1இன் அழகிய உடல். உள்ளே பல பத்தாண்டுகளுக்கு முந்திய வேன்கார்டு என்ற காரின் வழிவந்த எஞ்சின். பார்ப்பதற்குக் கம்பீரம், ஓட்டினால் இழுப்பு போதவில்லை, பெட்ரோல் தாங்கவில்லை என்ற பேச்சு பரவ நாளாகவில்லை. 1980கள் முடிவதற்குள் தயாரிப்பு நின்றது. அதிக விலையும் மாறிய போட்டியும் இதில் சேர்ந்திருந்தன என்பது உண்மையே. ஆனால் பத்தாண்டு முன்பு வந்திருந்தால் அதே கார் வரிசையில் நின்றவர்களால் விற்றிருக்கும். 1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவரின் குறைக்கு நீதிமன்றத் தன்மை கொண்ட மேடையைத் தந்தது. பத்திரிகைகளும் அந்தக் குரலுக்கு இடம் கொடுத்தன. 2007இல் தொடங்கிய மோட்டார் விகடனில் வாசகர்களே தங்கள் வண்டியின் நிறைகுறையைச் சொன்னார்கள். ஆனால் பலம் வந்த சொல்லுக்கு விலையும் வந்துவிட்டது. பொருளைப் பரிந்துரைப்பவருக்கு நிறுவனத்தோடு தொடர்பிருந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு நெறிமுறை வகுத்தது. அதே ஆண்டு, நுகர்வோர் கருத்துகளைத் திரட்டி வெளியிடுவதற்கென்றே ஐ.எஸ். 19000 என்ற இந்தியத் தரநிலையும் வந்தது. சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் போல, கருத்துக்கும் தரநிலை தேவைப்பட்ட காலம் இது. ஆதாயம் இல்லாதபோது தானாக வந்த நேர்மையை, ஆதாயம் வந்தபின் விதி போட்டுக் காக்க வேண்டியிருக்கிறது.

ஆதாயமே இல்லாவிட்டாலும் வாங்கியவர் நடுநிலையாளர் இல்லையே, காசைக் கொட்டியவர் தன் முடிவை நியாயப்படுத்தத்தானே பார்ப்பார் என்று கேட்கலாம். வலுவான கேள்வி. புதிதாகக் கார் வாங்கியவர்கள் தாங்கள் வாங்கிய காரின் விளம்பரங்களையே விரும்பிப் படித்தார்கள் என்று 1957இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கண்டது. புல்லட்டின் கதையிலும் இதற்குச் சான்று உண்டு. பழைய புல்லட்டில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. மற்ற வண்டிகளுக்கு நேர்மாறான அந்த அமைப்பைப் பலர் குறையாக நினைக்கவில்லை, தகுதியாகவே கொண்டாடினார்கள். 2000களில் கியர் இடப்பக்கம் போனபோதும், அந்தப் பத்தாண்டின் முடிவில் புதிய வடிவமைப்பில் எஞ்சின் வந்தபோதும், பழைய சத்தம் போய்விட்டதே என்று வருந்தினார்கள். பழக்கத்தையும் தரத்தையும் பிரித்துப் பார்க்க உரிமையாளரால் எப்போதும் முடிவதில்லை. ஆனால் இந்தப் பாசம் எல்லாவற்றையும் மறைத்துவிடுவதும் இல்லை. ஆயில் ஒழுகியதைச் சொன்னவர்களும் அதே ரசிகர்கள்தான். முதல் மாதத்துப் பெருமை ஐந்தாம் வருடத்துச் செலவுக் கணக்கைத் தாண்டி நிற்பது கடினம். தவிர, ஒருவருடைய சாய்வைப் பலருடைய கணக்கால் சரிசெய்ய முடியும். 1936இல் அமெரிக்காவில் தொடங்கிய கன்ஸ்யூமர்ஸ் யூனியன் விளம்பரமே வாங்காமல் பத்திரிகை நடத்தியது. ‘கார் பிடித்திருக்கிறதா’ என்பதோடு நிற்காமல், எந்தப் பாகம் பழுதானது என்று வாசகர்களிடம் வினாத்தாள் மூலம் கேட்டு அட்டவணை போட்டது. அபிப்பிராயத்தில் புகும் பாசம், பழுதுக் கணக்கில் அவ்வளவு எளிதாகப் புகுவதில்லை.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் 2014 ஜனவரியில் வந்தது. இந்தியாவில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த ஐந்து சிறிய கார் மாடல்களைக் குளோபல் என்கேப் அமைப்பு மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். மைலேஜையும் ஏ.சி.யையும் சர்வீஸ் செலவையும் துல்லியமாகச் சொன்ன லட்சக்கணக்கான உரிமையாளர்கள் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது, பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்திக்காத நிகழ்வைப் பற்றி அனுபவம் எப்படிச் சாட்சி சொல்லும்? வாங்கியவர் சொல்லின் எல்லை இங்கே தெளிவாகத் தெரிகிறது. தினம் நடப்பதைப் பற்றி அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. அரிதாக நடப்பதைப் பற்றி அவருக்குத் தெரிய வழியே இல்லை. 2023 அக்டோபரில் பாரத் என்கேப் சோதனைமுறை தொடங்கியதை உரிமையாளர் சொல்லுக்குப் போட்டியாகப் பார்க்க வேண்டாம். அந்தச் சொல் எட்டாத இடத்தை நிரப்பும் ஏற்பாடு அது. அதே காரின் கதவு நான்காம் வருடத்தில் துருப்பிடிக்குமா என்று மோதல் சோதனையும் சொல்லாது.

எனவே வாங்கியவர் சொல்லை நம்பலாமா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. அகர்லாஃபின் விற்பவரும் ஓர் உரிமையாளர்தான். அவர் மௌனம் காப்பது விற்கும் நாளில். நேற்று வாங்கியவர் தன் தேர்வைக் காக்கிறார், நாளை விற்கப்போகிறவர் தன் விலையைக் காக்கிறார், பரிந்துரைக்குப் பணம் பெற்றவர் தன் வருமானத்தைக் காக்கிறார். இவற்றுக்கு நடுவில் பல வருடம் வைத்திருந்து, தன் கைக்காசில் பழுது பார்த்து, இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவரின் பேச்சே சாட்சியத்துக்கு மிக அருகில் வருகிறது. தட்டுப்பாட்டுக் காலம் கட்டாயத்தின் பேரில் அப்படிப்பட்டவர்களை ஏராளமாக உருவாக்கியது. தேர்வு பெருகி, வண்டியைச் சில வருடங்களிலேயே மாற்றிவிடும் இக்காலத்தில் கருத்துச் சொல்பவர்கள் கூடியிருக்கிறார்கள். ஐந்தாம் வருடத்துக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுபவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.