கப்பல் ஏறிய சிப்பாய்



"அன்றைய சிப்பாயைக் கப்பல் ஏற்றியது வீரமா, குடும்பமா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் வீரம், வீரம் என்று மேசையைத் தட்டினார். மேசைக்குத்தான் வலித்திருக்கும். (சிரிப்பு) நான் குடும்பம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து தொடங்குகிறேன். மேற்கே கல்வராயன் மலை. அங்கே பிறக்கிற கோமுகி ஆறு, மணிமுத்தாற்றோடு சேர்ந்து, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. மலையில் பெய்த மழை கடலைப் பார்த்துவிடும். மலையடிவாரத்து மனுஷன்? சந்தைக்குப் போவான், திருவிழாவுக்குப் போவான். அலையைப் பார்க்காமலே ஆயுசு முடிந்தவர்கள் எத்தனையோ பேர்!

அந்தப் பக்கத்துக்குப் பட்டாளம் எப்படி வந்தது? கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் தியாகதுருகம் மலைக்கோட்டை இருக்கிறதே, அதற்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள். 1761 ஜனவரியில் பாண்டிச்சேரி விழுந்தது. அதே ஆண்டில் தியாகதுருகமும் செஞ்சியும் கம்பெனியார் கைக்குப் போயின. யார் ஜெயித்தால் என்ன? சண்டை நடக்கிற ஊரில் ஏர் நிற்கும். ஏர் நின்றால் உலை கொதிக்காது. அந்த நேரத்தில் மாதச் சம்பளம் தருகிறேன் என்று ஒருத்தன் கூப்பிட்டால், எந்தத் தகப்பன் போகாமல் இருப்பான்?

மறு வருஷம், 1762 ஆகஸ்ட். தியாகதுருகத்தைப் பிடித்த அதே மதராஸ் ராணுவத்திலிருந்து சுமார் 600 சிப்பாய்களைக் கம்பெனி கப்பல் ஏற்றியது. எங்கே? ஸ்பெயின்காரர்கள் ஆண்ட மணிலாவுக்கு! நம்ம பக்கம் மல்லாட்டை என்கிறோமே, மணிலாக்கொட்டை, அந்த மணிலாதான். (கைதட்டல்) தமிழரும் தெலுங்கரும், இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்த படை அது. இன்றைக்குப் பையன் சென்னைக்கு வேலைக்குப் போனாலே, அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்துவிட்டு, பஸ் கிளம்புகிற வரைக்கும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அன்றைக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் தண்ணீர்மேலே! செப்டம்பர் கடைசியில், கொந்தளிக்கிற கடலில் படகை இறக்கிக் கரையேறினார்கள். அக்டோபர் 6-ஆம் தேதி மணிலா விழுந்தது. எதிரி யார், சண்டை எதற்கு? பாதிப் பேருக்கு அது புரிந்திருக்குமா என்பதே சந்தேகம்!

1764-இல் ஆங்கிலேயர் மணிலாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். எல்லாச் சிப்பாய்களும் கிளம்பவில்லை. சிலர் பக்கத்திலே கைந்தா என்ற ஊரில் தங்கி, அந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

"பார்த்தீர்களா, ஊரை மறந்துவிட்டான்! இதுவா குடும்பப் பாசம்?" என்று எதிரணி கேட்கும். கேளுங்கள். அந்தக் கேள்வி எனக்கும் வலிக்கிறது. இங்கே ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பாளே! வீட்டுக்காகப் போனவனை வீடு இழந்தது. கூலிப் போரின் கொடுமை அதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்நிய மண்ணில் அவனை நிறுத்தியது கோட்டை அல்ல, கொடி அல்ல. அங்கேயும் ஒரு அடுப்புதான். (கைதட்டல்)

அவன் சம்பளத்துக்காக எதையும் செய்கிறவனா? இல்லை. 1806 ஜூலை 10, வேலூர்க் கோட்டை. தொப்பி மாதிரி ஒரு தலைப்பாகையைப் போடு, நெற்றிக்குறியை அழி என்றபோது, அதே மதராஸ் ராணுவத்துச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தார்கள். கடலைத் தாண்டச் சம்மதித்தவன், மானத்தைத் தாண்டச் சம்மதிக்கவில்லை.

1824-இல் பர்மா போர். மதராஸ் சிப்பாய்கள் கப்பல் ஏறி மே மாதமே ரங்கூனில் இறங்கிவிட்டார்கள். வங்காளத்திலோ, பர்மா முனைக்குப் புறப்பட மாட்டோம் என்று பாரக்பூரில் ஒரு படைப்பிரிவு நின்றது. மூட்டை தூக்க மாடு இல்லை என்ற குறை ஒரு பக்கம். கடலைத் தாண்டினால் சாதி போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். நவம்பர் 2-ஆம் தேதி அவர்கள்மேல் பீரங்கியால் சுட்டார்கள். வீரம் மட்டுமே கப்பல் ஏற்றும் என்றால், வங்காளச் சிப்பாய்க்கு வீரம் இல்லையா? இருந்தது ஐயா! மதராஸ் சிப்பாய் பெண்டாட்டி பிள்ளைகளைப் பட்டாளத்தோடேயே வைத்திருந்தவன். கடல் கடந்தால், சம்பளத்தில் ஒரு பங்கை இங்கே வீட்டாரிடம் கொடுக்கிற ஏற்பாடு இருந்தது. அந்தப் பங்குதான் அவனைக் கப்பல் ஏற்றியது.

கடைசியாக ஒன்று. 1914-இல் முதல் உலகப்போர் வந்தது. மெசொப்பொத்தேமியா வரைக்கும் நம் ஆட்கள் போனார்கள். போர் முடிந்த பிறகு, நம் மாகாணத்து ஊர்கள் பலவற்றில் வெள்ளைக்காரன் ஒரு கல் பதித்தான். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று எழுதினான். எண்ணிக்கை இருக்கிறது. பெயர் இல்லை!

பெயரை யார் வைத்திருந்தது? வீடு வைத்திருந்தது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதுதான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பேரன். அரசாங்கம் எண்ணாக எழுதிய மனிதனை, தொட்டிலில் பெயர்சொல்லிக் கூப்பிட்டது குடும்பம்.

தீர்ப்பு எழுதும்போது அந்தத் தொட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள், நடுவர் அவர்களே. (பலத்த கைதட்டல்)