இணையத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

இக்காலத்து மக்கள் இணையத்தை நீரையும் காற்றையும் போல எண்ணிப் பயன்படுத்துகின்றனர். கல்வி, வாணிகம், அரசு ஆகிய யாவும் அதனை நம்பி நிற்கின்றன. எனினும், இணையம் யாதென வினாவின், அஃது எங்கோ ஓரிடத்துள்ள பெரும்பொறி என்றோ, ஒரு நாட்டின் அல்லது ஒரு நிறுவனத்தின் உடைமை என்றோ கூறுவார் பலர். இரண்டும் பொருந்தா. தனித்தனியே ஆளப்படும் பல்லாயிரம் வலையமைப்புக்கள் ஒரு பொதுநெறிக்கு உடன்பட்டு ஒன்றோடொன்று கூடி நிற்கும் நிலைக்கே இணையம் என்பது பெயர். தலைமையில்லாத இக்கூட்டு எவ்வாறு உருவாயிற்று, அதனை ஒருங்கு நிறுத்துவது யாது என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

கணினிகள் இரண்டோ பலவோ தம்முட் செய்தி பரிமாறுமாறு இணைக்கப்படின் அது வலையமைப்பு எனப்படும். அவ்விணைப்புக்குத் தொடக்கத்திற் கிடைத்த வழி தொலைபேசிக் கம்பியே. பழைய தொலைபேசி முறையில், இருவர் பேசத் தொடங்கியதும் அவர்க்கிடையே ஒரு வழி ஒதுக்கப்படும். அவர் பேசினும் வாளாவிருப்பினும் உரையாடல் முடியும்வரை அவ்வழி பிறர்க்குப் பயன்படாது. கணினிகளோ ஒரு கணத்தில் மிகுதியாகச் செய்தி அனுப்பிப் பின் நெடுநேரம் வாளாவிருக்கும் இயல்பின. ஆதலின் அவற்றுக்கென ஒரு வழியை ஒதுக்கிவைத்தல் பெரும்பாலும் வீண் செலவேயாம். அன்றியும், வழிகளெல்லாம் சில நடுநிலையங்களிற் சென்று கூடுதலின், அந்நிலையங்கள் அழியின் தொடர்பு முழுவதும் அற்றுப்போம்.

இவ்விரு குறைகளுட் பின்னையதைக் கருதியவர் அமெரிக்க அறிஞர் போல் பாரன். அணுக்குண்டுத் தாக்குதலின் பின்னும் எஞ்சி நிற்கத்தக்க தொடர்பு யாதென ஆராய்ந்த அவர், நடுநிலையமில்லா வலையமைப்பொன்றின் இயல்பை 1964ஆம் ஆண்டு வெளிவந்த அறிக்கைகளில் விளக்கினார். முன்னையதைக் கருதியவர் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டொனால்ட் டேவிஸ். 1965ஆம் ஆண்டில் அவர், செய்தியைச் சிறு கூறுகளாகப் பிரித்து அனுப்பும் முறையை வகுத்து, அக்கூறுகளுக்குப் பொதி என்னும் பொருள்படப் பெயருமிட்டார். வேறு வேறு நோக்கோடு புறப்பட்ட இருவரும், ஒருவர் ஆய்வை மற்றவர் அறியாமலே, ஒரே முடிவை அடைந்தமை குறிப்பிடத்தக்கது.

இம்முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஒரு நூலை அனுப்ப விரும்பும் ஒருவர், அதனைத் தாள் தாளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையிலிட்டு, முகவரியும் வரிசை எண்ணும் எழுதி அஞ்சலிற் சேர்க்கிறார் என்க. இடைப்பட்ட அஞ்சலகத்தார் எவ்வழி ஒழிவாயிருக்கிறதென நோக்கிச் சில உறைகளைப் புத்தளம் வழியாகவும் சிலவற்றைக் குருநாகல் வழியாகவும் விடுப்பர். பெறுபவர் எண்படி அடுக்கி நூலை மீட்டும் ஒன்றாக்குவார். வாராத தாளை மறுபடி அனுப்புமாறு கேட்பார். ஒரு பாதை தடைப்படின் வேறு பாதை உதவும். ஒரே பாதையிற் பலருடைய உறைகளும் கலந்து செல்லும். இவ்வுறையே பொதி; இடையிலுள்ள அஞ்சலகமே வழிப்படுத்தி எனப்படும் கருவி.

அணுப்போரைத் தாங்குதற்காகவே இணையம் ஆக்கப்பட்டது என்பது பலரும் எழுதிவரும் கூற்று. பாரனுடைய ஆராய்ச்சிக்கு அது பொருந்துமேயன்றி, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற்றுக்குப் பொருந்தாது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கீழ் 1958ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆர்ப்பா என்னும் ஆராய்ச்சி முகவரகத்தில், 1966ஆம் ஆண்டு கணினிப் பிரிவின் தலைவராயிருந்தவர் றொபேட் ரெயிலர். அவர் அறையில் மூன்று முனையங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் வெவ்வேறிடத்துக் கணினியோடு தொடர்புடையது; ஒவ்வொன்றுக்கும் கட்டளைமுறை வேறு. ஒரு முனையத்திலிருந்தே எல்லாக் கணினிகளையும் அடைதல் கூடாதோ என அவர் எண்ணினார். விலையுயர்ந்த கணினிகளை ஆராய்ச்சியாளர் பகிர்ந்து பயன்படுத்தலே இவ்வலையமைப்பின் நோக்கமாயிற்று.

1969ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆந் திகதி இரவு, லொஸ் ஏஞ்சலீஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிலையத்துக்கு முதற்செய்தி விடுக்கப்பட்டது. 'லொகின்' என்னுஞ் சொல்லின் முதலிரண்டு எழுத்துக்கள் சென்றவளவில் மறுமுனைக் கணினி செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தின் பின் முழுச்சொல்லும் சென்றது. அவ்வாண்டு முடிவில் நான்கு நிலையங்கள் இணைந்திருந்தன. இணைப்பு விதிகளை வகுக்கும் பணி பெரிதும் இளம் பட்டப்பின் மாணவர்பால் வந்தது. அவருள் ஒருவரான ஸ்ரீவ் குரொக்கர், 1969ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆந் திகதி முதற் குறிப்பை எழுதியபோது, அதனை ஆணை என்னாது 'கருத்து வேண்டுகை' எனப் பெயரிட்டார். இன்றும் இணைய விதிகள் அப்பெயராலேயே வெளிவருகின்றன. கட்டளையால் அன்றி உடன்பாட்டால் விதி செய்யும் மரபு அன்று தொடங்கியதாகும்.

பின்னர் வானொலி, செய்மதி ஆகியவற்றால் இயங்கும் வலையமைப்புக்களும் தோன்றின. பிரான்சில் லூயி பூசான் என்பார் சிக்ளாட் என்னும் வலையமைப்பை ஆக்கி, செய்தி பழுதின்றிச் சேர்தற்குரிய பொறுப்பை நடுவழியினின்றும் நீக்கி, முனைக் கணினிகளிடமே விட்டார். இங்ஙனம் இயல்பால் வேறுபட்டவற்றை இணைப்பது எங்ஙனம்? வின்ற் சேர்ப், றொபேட் கான் என்னும் இருவரும் 1974ஆம் ஆண்டு இதற்கு விடை கண்டனர். எந்த வலையமைப்பும் தன் உள்ளமைப்பை மாற்ற வேண்டுவதில்லை. எல்லைகளில் வாயில்கள் அமைத்து, பொதுவான உறையொன்றை எல்லாரும் ஏற்றாற் போதும் என்பதே அவ்விடை. 1977ஆம் ஆண்டு நவம்பரில் மூவகை வலையமைப்புக்களினூடாகப் பொதிகள் சென்று மீண்டன. 1983ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதி ஆர்ப்பாநெற் முழுவதும் ரி.சி.பி./ஐ.பி. என்னும் நெறிமுறைக்கு மாறியது. இவற்றுள் ஐ.பி. உறைமேல் முகவரி எழுதி வழிவிடும், ரி.சி.பி. வரிசையைச் சரிபார்த்து, விடுபட்டதை மீளப் பெறும்.

முகவரி இரட்டித்தல் ஆகாது. ஆதலின் எண்களையும் பெயர்களையும் பங்கிடுதற்கு மட்டும் பொதுப் பதிவேடு இன்றியமையாததாயிற்று. அதனை நெடுங்காலம் பேணியவருள் தலையாயவர் ஜொன் பொஸ்ரல். 1998ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஐகான் என்னும் அமைப்பு இன்று அதற்குப் பொறுப்பாயுளது. முதலில் வகுத்த 32 இலக்க முறை ஏறத்தாழ 430 கோடி முகவரிகளுக்கே இடந்தந்தது. அவற்றின் பொதுக் கையிருப்பு 2011ஆம் ஆண்டு பெப்புருவரியில் தீர்ந்துபோயிற்று. 128 இலக்கங்கொண்ட புதுமுறை பழையதோடு உடனிருந்து பரவி வருகிறது.

இணையமும் உலகவலையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை. முன்னையது பாதை, பின்னையது அப்பாதையிற் செல்லும் ஊர்திகளுள் ஒன்று, மின்னஞ்சல் மற்றொன்று. உலகவலையை 1989ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் சேர்ண் ஆய்வுகூடத்திலிருந்து முன்மொழிந்தவர் ரிம் பேணர்ஸ்-லீ. 1993ஆம் ஆண்டு ஏப்பிரல் 30ஆந் திகதி அவ்வாய்வுகூடம் அதனைக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம் என அறிவித்தது. அதன் பின்னரே இணையம் பொதுமக்களிடை விரைந்து பரவிற்று.

நெறிமுறையில் நடுவில்லையாயினும் பொருளுலகில் நடு மீண்டும் தோன்றல் கூடும் என்பதை மறத்தலாகாது. 2004ஆம் ஆண்டு ஓகத்தில் கொழும்புக்கு அண்மையிற் கடலடி வடமொன்று கப்பலின் நங்கூரத்தால் அறுபட, இலங்கையின் இணையத்தொடர்பு பெரிதும் தடைப்பட்டது. 2022ஆம் ஆண்டு சனவரியில் எரிமலை வெடித்து ரொங்கா நாட்டின் ஒரேயொரு வெளிநாட்டு வடம் சிதைந்தபோது, அதனைச் சீர்செய்ய ஏறத்தாழ ஐந்து வாரஞ் சென்றது. 2021ஆம் ஆண்டு ஒக்ரோபர் 4ஆந் திகதி பேஸ்புக் நிறுவனம் தன் வலையமைப்பிற் செய்த பிழையொன்றால், அதன் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்தன. அன்று இணையம் குன்றாது இயங்கியது. எனினும், அந்நிறுவனமொன்றையே நம்பியிருந்தார்க்கு இணையமே அற்றதுபோலாயிற்று.

மாற்றுவழி உள்ளவிடத்தே பொதி மாற்றுவழியிற் செல்லும், இல்லாதவிடத்து நின்றுவிடும். பாரனும் டேவிசும் கண்ட முறை பல பாதைகள் உண்டெனக் கொண்டு எழுந்தது. அப்பாதைகளை அமைத்தலும் காத்தலும் எந்த நெறிமுறையும் தானே செய்துதரும் பணியன்று. அவற்றைப் பயன்படுத்தும் சமுதாயங்களின் கடனாகும்.