கோப்பித் தூசி: தராசில் நிற்காத நஞ்சு

தன்சானியாவில் கோப்பி பெரும்பாலும் இரண்டு திசைகளில் இருந்து வருகிறது. கிளிமஞ்சாரோ மலைச்சரிவுகளில் விளைவது அரபிக்கா. விக்டோரியா ஏரிக்கு மேற்கே, ககேரா பிரதேசத்தில் விளைவது ரொபஸ்ரா. இரண்டும் கப்பலேறுவதற்கு முன் தொழிற்சாலை ஒன்றுக்குள் போய்த்தான் வெளியே வரவேண்டும். வறுப்பதும் அரைப்பதும் அங்கே நடப்பதில்லை. அது வாங்கும் நாட்டின் வேலை. சாக்குகளை அவிழ்த்துக் குழியில் கொட்டுவது, காய்ந்த ஓட்டை இயந்திரத்தில் உடைப்பது, சலித்துத் தரம் பிரிப்பது, மீண்டும் மூட்டை கட்டி அடுக்குவது என்பவைதான் அங்குள்ள வேலைகள். ஒவ்வொன்றிலும் தூசி கிளம்பும்.

அந்தத் தூசியைத் தன்சானியாவின் முகிம்பிலி பல்கலைக்கழகமும் நோர்வேயின் பேர்கன் பல்கலைக்கழகமும் சேர்ந்து அளந்தன. தொழிலாளரின் சட்டைக் கழுத்தருகே சிறிய வடிகட்டியைப் பொருத்தி, அவர் சுவாசிக்கும் காற்றையே பம்பி மூலம் இழுத்து நிறுத்துப் பார்ப்பதுதான் முறை. 2013இல் வெளியான முடிவுகளின்படி, ரொபஸ்ரா தொழிற்சாலைகளில் ஒரு கன மீற்றர் காற்றில் சராசரியாக 3.41 மில்லிகிராம் தூசி இருந்தது. அரபிக்கா தொழிற்சாலைகளில் 2.10 மில்லிகிராம்.

இந்த இலக்கங்களை மட்டும் பார்த்தால் பெரிய ஆபத்து இல்லை என்றே தோன்றும். குறிப்பிட்ட நஞ்சு என்று பெயரிடப்படாத சாதாரணத் தூசிக்குப் பல நாடுகள் வைத்திருக்கும் எல்லை 10 மில்லிகிராம். தாவரம், விலங்கு சார்ந்த தூசிக்கு நோர்வே வைத்திருக்கும் கடுமையான எல்லைகூட 5 மில்லிகிராம். தராசு சொல்வதைக் கேட்கும் ஒரு பரிசோதகர், எல்லாம் சரி என்று எழுதிவிட்டுப் போகலாம்.

ஆனால் ஆய்வாளர்கள் தூசியின் எடையோடு நிற்கவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்றும் பார்த்தார்கள். மண்ணிலும் செடியிலும் வாழும் ஒருவகைப் பக்டீரியாக்கள் செத்து உடையும்போது, அவற்றின் வெளிச்சுவரில் இருந்து எண்டோடொக்சின் என்ற பொருள் வெளியாகிறது. அது நுரையீரலுக்குள் போனால், உடல் அதைத் தொற்றுக் கிருமி என்றே எடுத்துக்கொண்டு சண்டைக்கு இறங்கும். அதனால் மூச்சுக்குழாய் வீங்கும், இருமல் வரும், நெஞ்சு இறுகும். பஞ்சாலைத் தொழிலாளருக்கு, ஓய்வு நாள் முடிந்து வேலைக்குத் திரும்பும் அன்று நெஞ்சு அடைக்கும் பழைய வருத்தத்திலும் இதற்குப் பங்கு உண்டு.

நெதர்லாந்தின் சுகாதாரச் சபை 2010இல் இந்தப் பொருளுக்குப் பரிந்துரைத்த எல்லை கன மீற்றருக்கு 90 அலகுகள். தன்சானியாவின் அரபிக்கா தொழிற்சாலைகளில் இருந்தது ஏறத்தாழ 1,400 அலகுகள். ரொபஸ்ரா தொழிற்சாலைகளில் ஏறத்தாழ 10,800. அதாவது எடையில் பாதுகாப்பு எல்லைக்குள் நின்ற அதே தூசி, உள்ளடக்கத்தில் எல்லையை நூறு மடங்குக்கு மேல் தாண்டியிருந்தது.

ரொபஸ்ராவில் ஏன் இவ்வளவு கூடுதல்? பதில் தொழிற்சாலைக்கு வெளியே, விவசாயியின் முற்றத்தில் இருக்கிறது. கிளிமஞ்சாரோ அரபிக்காவைப் பழமாக இருக்கும்போதே தோல் நீக்கி, நீரில் கழுவிக் காயவைக்கிறார்கள். ககேரா ரொபஸ்ராவைப் பழத்தோடு அப்படியே வெயிலில் போட்டுக் காயவைக்கிறார்கள். மண், காய்ந்த சதை, அதில் வளர்ந்த பக்டீரியா எல்லாம் ஓட்டோடு சேர்ந்து தொழிற்சாலைக்கு வந்து, உடைக்கும் இயந்திரத்தில் பொடியாகிக் காற்றில் பறக்கின்றன.

எதியோப்பியாவில் நிலைமை இன்னும் மோசம். அடிஸ் அபாபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தபோது, இயந்திர அறையில் நிற்பவர்களும் மூட்டை சுமப்பவர்களும் கன மீற்றருக்கு 12 மில்லிகிராமுக்கு மேல் தூசியைச் சுவாசித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே தராசே அபாய மணி அடிக்கிறது. வரிசையாக அமர்ந்து பழுதான கொட்டைகளைக் கையால் பொறுக்கும் பெண்களிடம் அது ஏறத்தாழ 1 மில்லிகிராம் மட்டுமே. ஆனாலும் தண்ணீர்ப் போத்தல் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டபோது, இருமலும் நெஞ்சு இறுக்கமும் இந்தப் பெண்களிடம் அதிகமாக இருந்தன. தூசி குறைந்த மூலையில் இருப்பவர்களும் தப்பவில்லை.

எண்டோடொக்சின் ஒன்றுதான் காரணம் என்றும் இல்லை. பச்சைக் கோப்பிக்கொட்டையில் உள்ள சில புரதங்கள் நேரடியாகவே ஒவ்வாமையைக் கிளப்பும். இதில் சாக்கின் கதையைச் சொல்லாமல் விடமுடியாது. முன்பு ஆமணக்கு விதை ஏற்றிய சாக்குகளிலேயே கோப்பியும் ஏற்றப்பட்டு வந்திருக்கிறது. ஆமணக்குத் தூசி மிக வலிய ஒவ்வாமைப் பொருள். கோப்பித் தொழிலாளருக்கு வந்த ஆஸ்துமா சிலவற்றில், உண்மையான குற்றவாளி கோப்பியா பழைய சாக்கா என்று மருத்துவர்கள் நெடுங்காலம் விவாதித்தார்கள்.

வறுக்கும் நாடுகளிலும் வேறொரு ஆபத்து உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சுவையூட்டிய கோப்பி தயாரித்த தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இருவருக்கு, சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறி அடைபடும் நோய் இருந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2013இல் வெளியிட்டது. இதற்குக் காரணமாகச் சந்தேகிக்கப்படுவது டைஅசிற்றைல் என்ற ஆவி. சுவையூட்டியில் மட்டுமல்ல, கோப்பியை வறுத்து அரைக்கும்போது இயல்பாகவும் அது வெளிவருகிறது. இந்த நோய் எளிதில் ஆஸ்துமா என்று தவறாக எண்ணப்படும். ஆஸ்துமாவுக்கு மருந்து கேட்கும். இந்தத் தழும்பு திரும்ப மாறாது.

எங்கள் தூசி

கோப்பி எங்களுக்கு அந்நியமான பயிர் அல்ல. தென்னிந்தியாவில் இருந்து தமிழ்த் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்து போனது தேயிலைக்காக அல்ல, கோப்பிக்காகத்தான். 1869இல் இலைத்துரு நோய் தொற்றி அந்தக் கோப்பி அழிந்தது. அதன்பிறகே மலையகம் தேயிலைக்கு மாறியது. கோப்பிக்காலத்தில் தோட்டங்களில் இருந்து ஓட்டோடு வந்த கொட்டைகளைக் கொழும்பு ஆலைகளில் உடைத்தார்கள். அங்கும் பெண்கள் வரிசையாக அமர்ந்து பழுது பொறுக்கினார்கள். அவர்களின் நுரையீரலை யாரும் அளக்கவில்லை.

பயிர் மாறிய பிறகும் தூசி போகவில்லை. தேயிலைத் தொழிற்சாலையின் சலிக்கும் அறையில், இலையின் மென்மயிர் பஞ்சுபோலப் பறக்கும். இலங்கையின் நெஞ்சு நோய் நிபுணர் சி. ஜி. ஊரகொட 1970இல் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் தேயிலைத் தயாரிப்பாளரின் ஆஸ்துமா பற்றி எழுதினார். மிளகாய் அரைப்பவர்கள், பஞ்சு மற்றும் தும்புத் தொழிலாளர்கள் என்று அவர் தொடர்ந்து ஆராய்ந்தார். 1984இல் கறுவாத் தொழிலாளர் 40 பேரைப் பார்த்தபோது அவர்களில் 9 பேருக்கு ஆஸ்துமா இருந்தது. இந்த நாட்டுத் தூசியைப் பற்றி இந்த நாட்டிலேயே எழுதப்பட்ட இந்தப் பக்கங்கள், தொழிலாளரிடம் தமிழில் வந்துசேரவேயில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நெல் ஆலையிலோ மா அரைக்கும் ஆலையிலோ தும்புத் தொழிற்சாலையிலோ வேலை செய்பவர்கள் கவனிக்க ஒரு எளிய அடையாளம் உண்டு. வேலை நாட்களில் கூடி, லீவு நாட்களில் குறையும் முட்டும் இருமலும் வேலையிடத்தோடு தொடர்புடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். வைத்தியசாலைக்குப் போனால் இதை நீங்களாகவே சொல்ல வேண்டும். நோயாளியிடம் என்ன வேலை செய்கிறீர் என்று கேளுங்கள் என இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700இல் எழுதினார். நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் அந்தக் கேள்விக்கு நேரம் கிடைப்பது குறைவு. அப்போது பம்புதான் கிடைக்கும், வேலை என்ற காரணம் துண்டில் ஏறாது.

தடுப்பு என்றால் உடனே முகக்கவசம்தான் பேசப்படுகிறது. வெக்கையில் எட்டு மணி நேரம் மூட்டை சுமப்பவருக்கு அது மூச்சை இன்னும் முட்டவைக்கும். துணியைக் கட்டிக்கொள்வது நுண்தூசியை நிறுத்தாது. எதியோப்பிய ஆய்வு வேறு இடத்தைக் காட்டுகிறது: கொட்டைகளை உயரத்தில் இருந்து கொட்டும் இடமும், இயந்திரத்தின் வாயில் கோப்பி போடும் இடமும்தான் தூசியை அதிகம் கிளப்புகின்றன. கொட்டும் உயரத்தைக் குறைக்கலாம், வாயை மூடலாம், அந்த இடத்திலேயே உறிஞ்சு குழாய் வைக்கலாம். கூட்டுவதற்குப் பதில் உறிஞ்சி எடுக்கலாம். இவை எதுவும் புதிய விஞ்ஞானம் இல்லை. செலவு முதலாளியுடையது என்பதால் தள்ளிப்போகிறது, கவசம் தொழிலாளியின் முகத்தில் ஏறுகிறது.

இலங்கையில் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தீங்கான தூசியை வேலைத்தளத்தில் இருந்து அகற்றும் கடமையை நிர்வாகத்தின் மேல் வைக்கிறது. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தில் தொழில்சார் நோய்களுக்கான அட்டவணையும் உண்டு. ஆனால் நட்டஈடு கேட்பவர், நோய் வேலையால் வந்தது என்று காட்ட வேண்டும். பருவத்துக்கு மட்டும் நாட்கூலியாக எடுக்கப்பட்டவரிடம் நியமனக் கடிதமோ சம்பளத் துண்டோ இருக்காது. இருமல் தாங்காமல் வேலையை விட்டவர் அடுத்த கணக்கெடுப்பில் இருக்கமாட்டார். தொழிற்சாலைக்குள் போய் அளப்பவர்கள், இன்னும் நிற்க முடிந்தவர்களை மட்டுமே பார்க்கிறார்கள். அதனால் தன்சானிய, எதியோப்பிய இலக்கங்களையும்கூட குறைந்தபட்சம் என்றே வாசிக்க வேண்டும். வேலை செய்த நாட்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கிளினிக் கொப்பியில் உங்கள் தொழிலை எழுதும்படி வைத்தியரிடம் கேளுங்கள். பின்னாளில் முறைப்பாடு செய்ய வேண்டி வந்தால் தொழில் திணைக்களத்தில் காட்டுவதற்கு இந்த இரண்டும் உதவும்.