பிரிக்ஸ்டன் தந்த பாடம்

1981 ஏப்ரலில் தென்லண்டன் பிரிக்ஸ்டனில் சில நாட்களுக்குள் 943 பேரைப் பொலிசார் வீதியில் மறித்துச் சோதித்தனர். 118 பேர் கைதாயினர். "ஸ்வாம்ப் 81" என்பது அந்நடவடிக்கையின் பெயர். வழிப்பறியும் வீடுடைப்பும் அங்கே இருந்தது உண்மைதான். ஆனால் உள்ளூர்ச் சமூகத் தலைவர்களைப் பொலிசார் முன்கூட்டிக் கலந்து பேசவில்லை. நோயாளியிடம் ஒரு வார்த்தை கேளாமல் மருந்து எழுதியது போலத்தான். ஏப்ரல் 10 முதல் 12 வரை வீதிகளில் கலவரம், கட்டடங்கள் எரிந்தன.

விசாரணை நடத்திய ஸ்கார்மன் பிரபு நவம்பரில் அறிக்கை தந்தார். பொலிசார் ஊராரைக் கலந்து பேசுவது சட்டக்கடமையாக வேண்டும் என்பது அவர் பரிந்துரை. பொலிஸ் பணி பற்றிப் பொதுமக்களின் கருத்தை அறிய ஏற்பாடு செய்யும்படி 1984ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது.

நல்லதே. ஆயினும் கேட்பது வேறு, சேர்ந்து செய்வது வேறு. எரியாத தெருவிளக்கு, இருண்ட சந்து, பூட்டில்லாத மாடிக்குடியிருப்பு வாசல் என்று ஊரார் முறையிட்டால், அவற்றைச் சீர்செய்வது பொலிசாரின் கையில் இல்லையே! அது பெரும்பாலும் நகரசபையின் வேலை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருவரையும் ஒருசேரப் பொறுப்பாக்கியது 1998ஆம் ஆண்டுச் சட்டம். உள்ளூர்க் குற்றநிலையை ஆராய்ந்து, மக்கள் கருத்தையும் கேட்டு, மூன்றாண்டுத் திட்டம் வகுக்க அது பணித்தது.

ஸ்கார்மன் அறிக்கை வந்து அப்போது 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.