ஆல்தியா கிப்சன்: கோப்பை உண்டு, கூலி இல்லை

 கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

2023-இல் அமெரிக்க ஓப்பன் வென்ற கோகோ காஃபுக்குப் பரிசு 30 லட்சம் டாலர். அதே பட்டத்தை 1957, 1958 இரண்டு ஆண்டும் வென்ற ஆல்தியா கிப்சனுக்குப் பரிசுப் பணமாக ஒரு பைசா கிடையாது. அன்றைய பெரிய போட்டிகளில் காசுக்கு ஆடுபவர்களுக்கு இடமே இல்லை.

ஆல்தியா 1927-இல் தென் கரோலினாவில் பிறந்தவர். அப்பா அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பருத்தி விளைவித்தவர். பிழைப்புத் தேடி நியூயார்க்கின் ஹார்லெமுக்கு வந்தது குடும்பம். அங்கே தெருவில்தான் பந்தடித்துப் பழகினார். அக்கம்பக்கத்தார் காசு சேர்த்து ஒரு டென்னிஸ் கிளப்பில் சேர்த்துவிட்டார்கள். பள்ளிக்கு மட்டம் போடுவதில் மகா கெட்டிக்காரி! பிறகு இரண்டு கறுப்பின மருத்துவர்கள் ஆதரவு கொடுத்துப் படிக்கவும் ஆடவும் வைத்தார்கள். 1953-இல் பட்டம் பெற்று, ஒரு கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையானார். ஆக, அவரும் நம்ம ஆள்தான்.

அமெரிக்க தேசியப் போட்டியில் அதுவரை கறுப்பினத்தவர் யாரையும் சேர்த்ததில்லை. முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் 1950-இல் ஒரு பத்திரிகையில் சூடாக எழுதினார். அவர் வெள்ளைக்காரப் பெண் என்பதைக் கவனியுங்கள். அதன் பிறகே கதவு திறந்தது. அந்த ஆண்டே விம்பிள்டன் சாம்பியன் லூயிஸ் பிரஃபுக்கு எதிராக மூன்றாவது செட்டில் 7-6 என்று முன்னிலையில் இருந்தார் ஆல்தியா. அப்போது பிடித்தது இடி மழை. மைதானத்துச் சுவர்மேல் இருந்த கல் கழுகு ஒன்று மின்னல் தாக்கி விழுந்தது. மறுநாள் ஆட்டம் தொடர்ந்தபோது தோற்றுப்போனார்.

அடுத்த சில ஆண்டுகள் சோர்வுதான். டென்னிஸை விட்டுவிட்டு ராணுவத்தில் சேரப் போன நேரத்தில், 1955-இல், அமெரிக்க அரசு நல்லெண்ணப் பயணமாக ஆசியாவுக்கு அனுப்பியது. நம் நாட்டுக்கும் வந்து ஆடினார். திரும்பிப் போனவர் வேறு ஆளாக இருந்தார். 1956-இல் பிரெஞ்சுப் பட்டம், 1957-இல் விம்பிள்டன். கோப்பையைக் கொடுத்தவர் எலிசபெத் ராணி. நியூயார்க்கில் காகிதப்பூ மழையில் ஊர்வலம்.

ஊர்வலம் முடிந்தால் வாடகை யார் கொடுப்பது? 1958-இல் மறுபடியும் இரண்டு பட்டங்களையும் வென்றுவிட்டு ஒதுங்கினார். பெண்களுக்கென்று தொழில்முறைப் போட்டித் தொடர் எதுவும் அப்போது இல்லை. கூடைப்பந்துக் காட்சிகளுக்கு முன்னால் கூட்டத்தை மகிழ்விக்க டென்னிஸ் ஆடினார். பாட்டுத் தட்டு வெளியிட்டார், சினிமாவில் நடித்தார். 1964-இல் தொழில்முறை கோல்ஃபில் நுழைந்தார். அங்கேயும் சில கிளப்புகளில் உடைமாற்றும் அறைக்குள் விடவில்லை, காரில் உட்கார்ந்து காலணி மாற்றியிருக்கிறார். உலக சாம்பியனுக்கு இந்த மரியாதை!

1968-இல் டென்னிஸில் பரிசுப் பணம் வந்தது. அமெரிக்க ஓப்பனில் பெண்களுக்கு 6,000 டாலர், ஆண்களுக்கு 14,000. ஆல்தியாவுக்கு அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

1990-களில் நோயில் விழுந்தார். மருந்துக்கும் வாடகைக்கும் வழியில்லை. 1956-இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை அவரோடு சேர்ந்து வென்ற தோழி ஆஞ்செலா பக்ஸ்டன் விஷயத்தை டென்னிஸ் பத்திரிகை வழியாக உலகுக்குச் சொன்னார். யூதப் பெண் என்பதால் கிளப்புகளில் ஒதுக்கப்பட்டவர் அவர். பல நாடுகளிலிருந்து தபாலில் பணம் வந்தது, கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர். 2003-இல் ஆல்தியா காலமானார்.

1973-இல் அமெரிக்க ஓப்பனில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசு என்று ஆனது. அதற்காகப் போராடிய பில்லி ஜீன் கிங்கைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.